பிள்ளைகள் ஆடும் கேமை எடைபோடுவது எப்படி?

வீடியோ கேம் பற்றி நம் வீடுகளில் பேச்சு எழுந்தால் அது பெரும்பாலும் ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. "எல்லாமே கெட்டது, போனை வை" என்பார் ஒருவர். "வெளியே சுற்றாமல் வீட்டில்தானே இருக்கிறான், ஆடட்டும்" என்பார் இன்னொருவர். இருவருமே அந்தக் கேமைப் பார்த்திருக்க மாட்டார்கள். பிள்ளைக்கு அது தெரியும். தான் ஆடுவது என்னவென்றே தெரியாதவர் போடும் தடையை அவன் மனதார ஏற்பதில்லை. மறைத்து ஆடத்தான் கற்றுக்கொள்கிறான்.

ஒரு புத்தகத்தைப் படித்துவிட்டு இது நன்றாக இருக்கிறது, இது சரியில்லை என்று பிரித்துச் சொல்கிறோம் அல்லவா? கேமையும் அப்படிப் பிரித்துப் பார்க்க முடியும். அதற்கு ஐந்து கேள்விகள் போதும். ஒரே ஒரு விதி உண்டு: ஒவ்வொரு கேள்விக்கும் தனித்தனியாக மதிப்பெண் போட வேண்டும், கூட்டிச் சராசரி எடுக்கக் கூடாது. காரணம் படிக்கும்போதே விளங்கும்.

1. இது பிள்ளையிடம் என்ன வேலை வாங்குகிறது?

மைன்கிராஃப்ட்டை எடுத்துக்கொள்வோம். ஸ்வீடனைச் சேர்ந்த மோஜாங் நிறுவனம் 2011இல் இதை முழுமையாக வெளியிட்டது. 2023க்குள் 30 கோடிக்கும் மேல் விற்றிருக்கிறது. பார்வைக்கு எல்லாமே சதுரக் கட்டைகள்தான். மரம் வெட்டி, கல் தோண்டி, இரவு வருவதற்குள் வீடு கட்ட வேண்டும். அதிலுள்ள 'ரெட்ஸ்டோன்' என்ற சிவப்புத் தூளை மின்கம்பி போல் இழுத்து, தானாகத் திறக்கும் கதவும், கூட்டல் கணக்குப் போடும் இயந்திரமும்கூடப் பிள்ளைகள் செய்கிறார்கள். கணினி இயங்கும் அடிப்படையே அதில் இருக்கிறது. ஐ.நா.வின் குடியிருப்பு அமைப்பு 2012 முதல், தெருவையும் பூங்காவையும் எப்படி அமைக்கலாம் என்று அந்தந்தப் பகுதி மக்களிடமே கேட்பதற்கு இந்தக் கேமைப் பயன்படுத்தியது. கென்யாவின் நைரோபி நகரில் கிபெரா குடிசைப் பகுதியின் விளையாட்டுத் திடலுக்கு இப்படித்தான் திட்டம் போட்டார்கள்.

இன்னொரு பக்கம், விரலால் தட்டினால் நாணயம் கொட்டுவதைத் தவிர வேறெதுவும் இல்லாத கேம்களும் ஏராளம். வித்தியாசம் தெரிய எளிய வழி உண்டு. அரை மணி நேரம் ஆடியபின், "இன்று என்ன செய்தாய்?" என்று கேளுங்கள். சொல்வதற்கு அவனிடம் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

2. நிறுத்த முடிகிறதா?

முதல் கேள்வியில் நல்ல மதிப்பெண் பெற்ற மைன்கிராஃப்ட் இங்கே கொஞ்சம் தடுமாறும். அத்தியாயம் முடிந்தது, இன்றைக்கு இது போதும் என்று சொல்லும் இடம் அதில் இல்லை. வீடு முடிந்தால் மதில், மதில் முடிந்தால் தோட்டம் என்று போய்க்கொண்டே இருக்கும். ஆனாலும் தனியாக ஆடும்போது எந்த நொடியிலும் சேமித்துவிட்டு எழுந்துவிடலாம்.

ஃப்ரீ ஃபயரில் அது முடியாது. 2022 பிப்ரவரியில் இந்தியாவில் அது தடை செய்யப்பட்ட பிறகும், அதன் 'மேக்ஸ்' வடிவம் பல பிள்ளைகளின் போனில் இருக்கிறது. ஒரு தீவில் 50 பேர் இறங்குவார்கள். கடைசிவரை உயிரோடு இருப்பவருக்கு வெற்றி. ஓர் ஆட்டம் சுமார் பத்து நிமிடம். விலை குறைந்த போனிலும் ஓடும். நால்வர் அணியாகப் பேசித் திட்டமிட்டு ஆடலாம். இவை அதன் பலம். ஆனால் உம்மா சாப்பிடக் கூப்பிட்டாலும், பாங்கு சத்தம் கேட்டாலும் பாதியில் வைக்க முடியாது. வைத்தால் கூட ஆடும் மூவரும் தோற்பார்கள். "இதோ ரெண்டு நிமிஷம்" என்று பிள்ளை கெஞ்சுவதில் பிடிவாதம் பாதி என்றால், கேமின் அமைப்பு மீதிப் பாதி. ஆகவே இத்தகைய கேம்களுக்கு நிமிடக் கணக்கு வைக்காமல் ஆட்டக் கணக்கு வையுங்கள். "இரண்டு ஆட்டம், அதன்பின் போன் மேசைக்கு வரவேண்டும்" என்றால் சண்டை குறையும்.

நாள்தோறும் உள்ளே வந்தால் பரிசு, ஒரு நாள் தவறினால் நஷ்டம் என்று வைத்திருக்கும் கேம்களுக்கு இந்தக் கேள்வியில் மதிப்பெண்ணைக் குறையுங்கள். அது பிள்ளையைத் தினமும் இழுத்துவரப் போட்ட தூண்டில்.

ஓர் எச்சரிக்கையும் அவசியம். உலக சுகாதார அமைப்பு 'கேமிங் குறைபாடு' என்பதைத் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்தது. அந்தப் பட்டியல் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. விடுமுறையில் நான்கு நாள் அதிகம் ஆடுவது இதில் வராது. கட்டுப்பாடு கைவிட்டுப் போவது, மற்ற வேலைகளும் ஆர்வங்களும் பின்னுக்குப் போவது, கெடுதல் நடப்பது தெரிந்தும் தொடர்வது ஆகிய மூன்றும் பொதுவாக ஓராண்டாவது நீடித்து, படிப்பையும் குடும்ப வாழ்வையும் கடுமையாகப் பாதித்தால்தான் அந்தப் பெயர். அப்படி ஐயம் வந்தால் அடிப்பதும் திட்டுவதும் பலன் தராது. மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

3. பணத்தை எப்படிக் கேட்கிறது?

2017 நவம்பரில் 'ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃப்ரன்ட் 2' வெளிவந்தது. படமும் ஒலியும் அருமை என்று விமர்சகர்கள் பாராட்டினார்கள். ஆனால் முழு விலை கொடுத்து வாங்கியவர்களுக்கும் அதில் முக்கியமான பாத்திரங்கள் பூட்டப்பட்டிருந்தன. டார்த் வேடர் என்ற பாத்திரத்தைத் திறக்க முதலில் 60,000 கிரெடிட் கேட்டது. அதைச் சேர்க்க ஏறக்குறைய 40 மணி நேரம் ஆட வேண்டும் என்று ஆட்டக்காரர்கள் கணக்குப் போட்டார்கள். சண்டையில் பலம் தரும் அட்டைகளோ 'லூட் பாக்ஸ்' என்ற பெட்டிகளுக்குள் இருந்தன. காசு கொடுத்துப் பெட்டியை வாங்கலாம். உள்ளே என்ன இருக்கும் என்பது திறந்தால்தான் தெரியும். பெரும் எதிர்ப்பு கிளம்பியதும் நிறுவனம் விலையைக் குறைத்தது. வெளியீட்டுக்கு முந்தைய நாள் பணம் வாங்குவதையே நிறுத்திவைத்தது.

இது உலகெங்கும் ஒரு கேள்வியை எழுப்பியது. 2018 ஏப்ரலில் பெல்ஜியத்தின் சூதாட்ட ஒழுங்குமுறை ஆணையம், ஃபிஃபா 18 உள்ளிட்ட மூன்று கேம்களில் இருந்த லூட் பாக்ஸ்கள் அந்நாட்டுச் சூதாட்டச் சட்டத்தை மீறுவதாக அறிவித்தது.

சூது கூடாது என்பதில் நம் வீடுகளில் இரண்டு கருத்து கிடையாது. சீட்டுக்கட்டாக வந்தால் உடனே கண்டுகொள்கிறோம். பளபளக்கும் பெட்டியாகவோ, டைமண்ட் கொடுத்துச் சுழற்றும் 'லக் ராயல்' சக்கரமாகவோ வந்தால் நமக்குத் தெரிவதில்லை. பிள்ளையிடம் கேட்க வேண்டியது இதுதான்: "காசு கொடுக்கும்போதே என்ன கிடைக்கும் என்று தெரியுமா?" தெரியும் என்றால் அது கடை, வாங்கலாமா வேண்டாமா என்று வீட்டில் பேசி முடிவெடுக்கலாம். தெரியாது என்றால் அந்தப் பக்கமே போக வேண்டாம். வாப்பாவின் வங்கிக் கணக்கோ, யுபிஐயோ, கார்டோ பிள்ளை ஆடும் போனில் இணைந்திருக்கக் கூடாது. ஆப் கடையின் அமைப்பில், எதை வாங்கினாலும் கடவுச்சொல் கேட்கும்படி வைத்துவிடுங்கள்.

4. யாருடைய கதை? யார் எதிரி?

2019இல் வந்த 'கால் ஆஃப் டியூட்டி: மாடர்ன் வார்ஃபேர்' துப்பாக்கிச் சண்டையின் நுட்பத்துக்காகப் புகழப்பட்டது. கதையில் 'மரண நெடுஞ்சாலை' என்று ஓர் இடம் வருகிறது. கற்பனை நாடொன்றில், தப்பி ஓடுபவர்கள் மீது ரஷ்யர்கள் குண்டு வீசியதாகக் கேம் சொல்கிறது. அதே பெயரில் நிஜமாகவே ஒரு சாலை அறியப்படுகிறது. 1991 பிப்ரவரியில் குவைத்திலிருந்து பஸ்ராவுக்குப் போகும் சாலையில், பின்வாங்கிக்கொண்டிருந்த இராக்கியரின் வாகனங்களை அமெரிக்கா தலைமையிலான கூட்டணி விமானங்கள் குண்டு வீசி அழித்தன. பெயரை வைத்துக்கொண்டு செய்தவரை மாற்றிவிட்டார்கள் என்று பலர் கண்டித்தார்கள். வரலாறு படிக்காத சிறுவன் அதை உண்மை என்றே மனதில் பதித்துக்கொள்வான்.

போரை வேறுவிதமாகச் சொன்ன கேமும் உண்டு. போலந்தின் 11 பிட் ஸ்டூடியோஸ் 2014இல் வெளியிட்ட 'திஸ் வார் ஆஃப் மைன்' சரயேவோ முற்றுகையை அடியொற்றியது. 1992 முதல் 1996 வரை நீண்ட முற்றுகை அது. இங்கே நீங்கள் படைவீரர் அல்ல. இடிந்த வீட்டில் பசியோடு இருக்கும் சாதாரண மக்கள். இரவில் உணவும் மருந்தும் தேடிப் போக வேண்டும். ஒரு முதிய தம்பதியின் உணவைத் திருடினால் வயிறு நிறையும். ஆனால் திருடியவர் மனமுடைந்து உட்கார்ந்துவிடுவார். 2020இல் போலந்து அரசு இதைப் பள்ளி மாணவர்களுக்கான பரிந்துரைப் பட்டியலில் சேர்ப்பதாக அறிவித்தது. வளர்ந்த பிள்ளைகளுக்கானது, சிறுவர்களுக்கு அல்ல.

நிறையும் குறையும் ஒன்றாகக் கலந்திருப்பதற்கு 2023இல் வந்த 'அசாசின்ஸ் கிரீட் மிராஜ்' நல்ல எடுத்துக்காட்டு. ஒன்பதாம் நூற்றாண்டு பாக்தாத்தின் வட்ட வடிவ நகரும், கடைவீதியும், பைத்துல் ஹிக்மாவும் அதில் கண்முன் வருகின்றன. அரபு மொழியிலேயே ஆடலாம். வரலாற்றுக் குறிப்புகளும் உண்டு. ஆனால் ஆட்டத்தின் முக்கிய வேலை மறைந்திருந்து ஆளைக் கொல்வது. நகரத்துக்கு அதிக மதிப்பெண் போடலாம். அதற்காகப் பத்து வயதுப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட முடியாது.

5. யாரோடு ஆடுகிறான்?

ஆன்லைன் கேமில் முகம் தெரியாதவர்கள் பேசுவார்கள், எழுதுவார்கள். ரோப்லாக்ஸ் போன்றவற்றைத் தனிக் கேம் என்றே சொல்ல முடியாது. பயனாளர்களே செய்த எண்ணற்ற கேம்கள் கூடும் சந்தை அது. ஒன்று நல்லதாக இருந்தால் பக்கத்துக் கடையும் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது. உரையாடலைத் தெரிந்த நண்பர்களுக்கு மட்டும் என்று மாற்ற முடிகிறதா என்று முதலில் பாருங்கள். முடியாவிட்டால் அந்தப் பிள்ளை கூடத்தில் உட்கார்ந்து, ஸ்பீக்கரில் ஆடட்டும். யாராவது படம் கேட்டாலோ, வேறு ஆப்புக்கு வரச் சொன்னாலோ உடனே உங்களிடம் சொல்லலாம், திட்ட மாட்டோம் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

விமர்சனங்களையும் முத்திரைகளையும் நம்பலாமா?

மெட்டாகிரிட்டிக் போன்ற தளங்கள் பல விமர்சகர்களின் மதிப்பெண்களைச் சேர்த்து நூற்றுக்கு இத்தனை என்று தருகின்றன. கைத்திறனை அறிய அது உதவும். பணப் பொறியை அறிய உதவாது. 2019 ஜூனில் வந்த 'கிராஷ் டீம் ரேசிங் நைட்ரோ-ஃபியூயல்டு' கேமில், விமர்சனங்களெல்லாம் வந்த பின், ஆகஸ்டில்தான் காசு கொடுத்து நாணயம் வாங்கும் வசதியைச் சேர்த்தார்கள். நூற்றுக்கு 80 என்ற எண்ணில் அதெல்லாம் தெரியாது. சராசரி எடுக்க வேண்டாம் என்றது இதனால்தான். நான்கு கேள்விகளில் முதலிடம் பெற்ற கேம் ஐந்தாவதில் உங்கள் வீட்டுக்கு ஒவ்வாததாக இருக்கலாம்.

ஆப் கடையிலோ அட்டையிலோ உள்ள வயது முத்திரையைத் தவறாமல் பாருங்கள். அமெரிக்காவின் ஈ.எஸ்.ஆர்.பி.யும் ஐரோப்பாவின் பெகியும் 2020 முதல், உள்ளே என்ன வருமென்று தெரியாத பொருள்களை விற்கும் கேம்களுக்குத் தனிக் குறிப்பும் போடுகின்றன.

வீட்டுப் பயிற்சி

வரும் விடுமுறை நாளில் பிள்ளையிடம், "உன் கேமை எனக்குச் சொல்லிக்கொடு" என்று கேளுங்கள். அரை மணி நேரம் நீங்களே ஆடிப் பாருங்கள். தோற்றால் அவன் சிரிக்கட்டும். பிறகு ஒரு தாளில் ஐந்து கேள்விகளையும் எழுதி, நீங்கள் ஒரு மதிப்பெண்ணும் அவன் ஒரு மதிப்பெண்ணும் போடுங்கள். எங்கே இருவரின் எண்ணும் அதிகம் வேறுபடுகிறதோ, அங்கே பேசுங்கள். அவன் சொல்லும் காரணம் சரியாக இருந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். கடைசியில் நீங்கள் வேண்டாம் என்று சொல்ல நேர்ந்தாலும், எந்தக் கேள்வியில் அந்தக் கேம் தோற்றது என்பதைத் தாளில் காட்டிச் சொல்லுங்கள். அடுத்த கேமை உங்களிடம் காட்டிவிட்டு இறக்கலாம் என்று அவனுக்குத் தோன்ற வேண்டுமானால், இந்த முறை நியாயமாக நடத்தப்பட்டோம் என்ற எண்ணம் அவனுக்கு இருக்க வேண்டும்.