குடும்ப வன்முறையும் நம் சங்கங்களும்

கணவன் கை நீட்டினால் அது வீட்டு விவகாரம் என்பது நம்மவரிடையே நெடுநாளாக வழங்கிவரும் பேச்சு. 2019-21ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயது வரையுள்ள மணமான பெண்களுள் நூற்றுக்கு 38 பேர் கணவனிடம் உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள். இந்தியா முழுமைக்கும் இவ்விகிதம் 29. நாட்டுச் சராசரியை இதில் நாம் மிஞ்சுவது வெட்கத்துக்குரியது.

உடல், பாலியல் வன்முறை மட்டுமே இக்கணக்கில் அடங்கும், பொருட்கொடுமை அடங்காது. ஆனால் 2005ஆம் ஆண்டு இயற்றப்பெற்ற குடும்ப வன்முறைப் பாதுகாப்புச் சட்டம் அதனையும் வன்முறை என்றே கூறுகிறது. தொண்டாமுத்தூர்ப் பாக்குத் தோட்டத்திலோ தறியிலோ மனைவி ஈட்டிய கூலியைப் பறித்துக் கொண்டு அவளை வெறுங்கையாக விடுவதும், அவளது சீதன நகையை இசைவின்றி அடகு வைப்பதும் இதன்பாற்படும். நகைக்கடன் வழங்கும் சங்க நிர்வாகிகள் இதனைச் சற்றே ஊன்றிக் கவனித்தல் வேண்டும். நகை யாருடையது என்று ஒரு வார்த்தை கேட்பதில் சங்கத்திற்கு நஷ்டமில்லை.

அடிபட்டவள் இழந்த கூலியையும் மருத்துவச் செலவையும் கணவன் ஈடு செய்யுமாறு மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். வீடு அவன் பெயரில் இருப்பினும், சட்ட முறைப்படியன்றி அவளை வெளியேற்ற இயலாது. மனுச் செய்வதற்குப் பாதுகாப்பு அலுவலர் உதவுவார். 181 என்னும் தொலைபேசி எண்ணிலும் உதவி கோரலாம்.