வருகைப் பதிவேடுதான் உன் ஜெபக்குறிப்பு

பணி ஆணை கைக்கு வந்த அன்று, அம்மா ஸ்தோத்திரம் சொல்லி முடிப்பதற்குள் நீ என்னை அடுக்களைக்கு இழுத்துக்கொண்டு போய்க் கேட்டாய்: "அக்கா, முதல் நாள் என்ன ஜெபம் பண்ணிட்டு வகுப்புக்குள்ள போகணும்?" அன்று சிரித்து மழுப்பிவிட்டேன். பதில் கொஞ்சம் நீளம். பள்ளி திறக்க மூன்று வாரம் இருக்கிறது, இப்போது சொல்கிறேன்.

முதலில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கு. பாடக்குறிப்பு எழுத அல்ல, அது தனி. முதல் நாள் வருகைப் பதிவேட்டைப் பார்த்துப் பிள்ளைகளின் பெயர்களை மட்டும் அதில் எழுதிக்கொள். நாற்பது பேர் என்றால் நாளுக்கு எட்டுப் பேர். திங்கள் தொடங்கி வெள்ளிக்குள் எல்லோரும் வந்துவிடுவார்கள். காலையில் காபி ஆறுவதற்குள் அந்த எட்டுப் பெயரையும் கர்த்தரிடம் சொல். 'இவன் நேற்றுத் தூங்கி விழுந்தான், வீட்டில் என்னவோ' என்ற அளவு போதும். இப்படிச் சொல்லும்போது ஏதாவது ஒரு பெயருக்கு முகம் நினைவுக்கு வராது. அன்று நீ போய்ப் பேச வேண்டிய பிள்ளை அதுதான். சத்தம் போடுகிறவர்களை நாம் தேட வேண்டாம், அவர்களே வந்துவிடுவார்கள். வாய் திறக்காத பிள்ளைகள்தான் ஆகஸ்ட் வரைக்கும் நம் கண்ணில் படாமலே இருந்துவிடுவார்கள்.

அந்த நோட்டு வீட்டிலேயே இருக்கட்டும். நீ போவது ஊராட்சி ஒன்றியப் பள்ளி. முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் கல்வி நிறுவனத்தில் மதபோதனை கூடாது என்று அரசியலமைப்பின் 28ஆம் பிரிவு சொல்கிறது. நான் வேலை பார்ப்பது அரசு உதவி பெறும் திருச்சபைப் பள்ளி. அங்கேயே பெற்றோர் சம்மதம் இல்லாமல் ஒரு பிள்ளையை வேத வகுப்பில் உட்காரவைக்க முடியாது. சட்டத்துக்குப் பயந்து இதைச் சொல்லவில்லை. எட்டு வயதுப் பிள்ளைக்கு டீச்சர் சொன்னதுதான் வேதவாக்கு. அந்த அதிகாரத்தை வைத்துக்கொண்டு அதன் வீட்டுச் சாமியைப் பற்றி ஒரு வார்த்தை குறைத்துப் பேசினாலும் அநியாயம். 'சாட்சியை மறைக்கிறாயா' என்று சபையில் யாராவது கேட்பார்கள். கேட்டுவிட்டுப் போகட்டும். நோட்டுகளைச் சரியாகத் திருத்து, தாமதமாகப் போகாதே. அந்தச் சாட்சி போதும்.

இனி பிரம்புக்கு வருவோம். நீதிமொழிகள் 13ஆம் அதிகாரத்தைக் காட்டி அடியை நியாயப்படுத்தும் ஆசிரியர்கள் நம்மில் நிறைய. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில், பிள்ளையை அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் தடை செய்திருக்கிறது. அது கிடக்கட்டும், உன் தலைமாட்டில் தொங்குகிற 23ஆம் சங்கீதத்தையே எடுத்துக்கொள். அங்கே மேய்ப்பன் கையிலும் கோல் இருக்கிறது. அது ஆட்டைத் தேற்றுகிறது. கோல் ஓநாய்க்கு, ஆட்டுக்கு அல்ல.

கையால் அடிக்காமலும் அடிக்கலாம். என் முதல் வருஷத்தில் ஒருத்தியின் ரப்பர் காணாமல் போனது. ஒரு பையன்மேல் எனக்குச் சந்தேகம். எல்லோர் முன்னாலும், "பொய் சொன்னா சாமி கண்ணக் குத்தும்" என்றேன். மறுநாள் காலை அவன் வலது கண்ணில் கண்கட்டியோடு வந்து நின்றான். "டீச்சர், நான் எடுக்கல. ஆனா சாமி குத்திட்டு." இமையில் கிருமி தொற்றி வந்த கட்டி அது. ரப்பர் இரண்டு நாள் கழித்து அந்தப் பெண்ணின் பையிலேயே, கிழிந்த உறைக்குள் இருந்தது. அவனிடம் மன்னிப்புக் கேட்டேன், வகுப்பு முன்னால் வைத்தே. ஆனாலும் சாமி தன்னை ஏன் குத்தியது என்ற கேள்விக்கு அவனிடம் நான் சொன்ன பதில் எனக்கே திருப்தியாக இல்லை. உன் கோபத்துக்குக் கடவுளை அடியாளாக அனுப்பாதே.

பேச வராது என்று பயப்படுகிறாய். மோசேயும் அதையேதான் சொன்னார். கர்த்தர் அவருக்குத் தைரியம் மட்டும் சொல்லி அனுப்பவில்லை, ஆரோனை ஆளாகவே கூட அனுப்பினார். உன் பள்ளியிலும் ஒரு ஆரோன் இருப்பார். நெற்றி நிறைய விபூதியோடு இருக்கலாம், முக்காடு போட்டிருக்கலாம். இருபது வருஷ அனுபவம் இருந்தால் போதும். போய்ப் பக்கத்தில் உட்கார்.

தரங்கம்பாடிக்கு 1706இல் வந்து இறங்கிய மிஷனரி சீகன்பால்கு, தமிழ் கற்க வேண்டும் என்று பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் எழுத்து எழுதினார். போதிக்க வந்தவர் முதலில் அனா ஆவன்னா படித்தார். முதல் வாரம் நீயும் அதிகம் பேசாதே. அவர்கள் ஊரில் எதற்கு என்ன பெயர், யார் யாருக்கு என்ன உறவு என்று கேட்டுத் தெரிந்துகொள்.

"டீச்சராயிட்டியே, சண்டே ஸ்கூலையும் நீயே பாத்துக்கோ" என்பார்கள். இந்த ஒரு வருஷம் முடியாது என்று சபை ஐயரிடமே சொல்லிவிடு. ஞாயிற்றுக்கிழமை நீ பெஞ்சில் உட்கார்ந்து பிரசங்கம் கேட்க வேண்டிய ஆள். நோட்டுத் திருத்துவதையும் சனிக்கிழமைக்குள் முடி. முதல் சம்பளத்தை முழுசாகக் காணிக்கைப் பெட்டியில் போட உனக்கு ஆசை இருக்கும், எனக்குத் தெரியும். போடு, ஆனால் அந்த மாசம் பஸ்ஸுக்கு அப்பாவிடம் கை நீட்டாதபடி முன்னாலேயே கொஞ்சம் எடுத்துவை.

நீ கேட்ட ஜெபத்தைப் பற்றி. வகுப்பறைச் சாவி யாரிடம் என்று முந்தின நாளே விசாரித்து வை. முதல் நாள் பிள்ளைகள் வருவதற்கு முன்னால் திறந்து உள்ளே போ. காலி பெஞ்சுகளைப் பார்த்துக்கொண்டு ஒரு நிமிஷம் நில். வார்த்தை வந்தால் சொல், வராவிட்டால் பரவாயில்லை. பிறகு பெஞ்சுகளைத் துடை. இரண்டு மாசத் தூசி இருக்கும். சீடர்களின் கால்களை இயேசு கழுவிய கதையை எத்தனை வருஷம் விடுமுறை வேதாகமப் பள்ளியில் நடித்துக் காட்டியிருக்கிறாய்! ஒரு துணி போதாது, இரண்டாக எடுத்துக்கொண்டு போ.