ஸ்ரீரங்கத்தில் செட்டில் ஆகலாம் என்கிறவர்களுக்கு

பெல் கொதிகலன் ஆலை, பொன்மலை ரயில்வே பணிமனை, வங்கி, பள்ளிக்கூடம் என்று எங்கே வேலை பார்த்தவராக இருந்தாலும், திருச்சிக்காரர்களில் பலருக்கு ஓய்வுக்காலக் கனவு ஒன்றுதான். ஸ்ரீரங்கத்தில் ஒரு ஃபிளாட், காலையில் பெருமாள் சேவை, சாயந்திரம் உத்தர வீதியில் நடை. மும்பையிலும் டெல்லியிலும் நாற்பது வருஷம் இருந்துவிட்டு இதே கனவோடு திரும்புகிறவர்களும் உண்டு. நல்ல கனவுதான். ஆனால் அதோடு ஒட்டிக்கொண்டு வரும் சில நம்பிக்கைகளை முன்கூட்டியே உதறிவிட வேண்டும். தமிழ்நாட்டில் அறுபதைத் தாண்டியவர்கள் 2021 மதிப்பீட்டின்படி மக்கள்தொகையில் 13.6 சதவீதம். கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்கு. இது ஏதோ நாலு வீட்டு விஷயம் இல்லை.

நம்பிக்கை: சீக்கிரம் ரிட்டயர் ஆனால் ஆயுள் கூடும்.

வாட்ஸ்அப்பில் வருஷக்கணக்காகச் சுற்றும் அட்டவணை ஒன்று இருக்கிறது. ஐம்பதில் வேலையை விட்டவர் 86 வரை வாழ்வாராம், 65 வரை உழைத்தவர் பதினெட்டு மாதத்தில் போய்விடுவாராம். போயிங் விமான நிறுவனத்தின் ஓய்வூதியக் கணக்கு என்று அதற்கு ஒரு முத்திரை. அது பொய் என்று போயிங்கே மறுத்துவிட்டது. ஷெல் எண்ணெய் நிறுவன ஊழியர்களை ஆராய்ந்து 2005ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான கட்டுரை, 55ல் ஓய்வு பெற்றவர்கள் 65ல் பெற்றவர்களைவிடக் கூடுதலாக வாழவில்லை என்றது. அதை வைத்துக்கொண்டு, 'வேலையை விட்டால் சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடுவார்' என்று பயமுறுத்துவதும் சரியில்லை. உடம்பு முடியாமல் முன்னதாக வேலையை விட்டவர்களும் அந்தக் கணக்கில் கலந்திருப்பார்கள்.

ஓய்வு வயது என்பதே அரசாங்கம் போடும் கோடு. ஜெர்மனியில் 1889ல் பிஸ்மார்க் முதியோர் ஓய்வூதியம் கொண்டுவந்தபோது அது எழுபது வயது. தமிழக அரசு ஊழியர்களுக்கு 58 என்றிருந்தது 2020ல் 59 ஆகி, மறுவருஷமே 60 ஆனது. அதற்காக யாருடைய முழங்காலும் இரண்டு வருஷம் இளமையாகிவிடவில்லை.

நம்பிக்கை: பெரிய கம்பெனியில் இருந்தவர், பென்ஷனுக்கு என்ன குறைச்சல்?

இதை நம்பித்தான் பலர் கையில் வந்த பணத்தையெல்லாம் வீட்டிலும் கல்யாணத்திலும் போட்டுவிடுகிறார்கள். பி.எப். கணக்கு உள்ளவர்களுக்குக் கிடைப்பது 1995ல் வந்த ஊழியர் ஓய்வூதியத் திட்டம். கூடுதல் ஓய்வூதியத்துக்கு விருப்பம் கொடுத்து அது ஏற்கப்பட்டவர்களை விட்டுவிடலாம். மற்றவர்களுக்குச் சம்பளம் லட்ச ரூபாயானாலும், 2014 செப்டம்பரில் வந்த வரம்பின்படி கணக்கில் எடுத்துக்கொள்வது 15,000 ரூபாய்தான். அதைப் பணியாண்டுகளால் பெருக்கி எழுபதால் வகுக்க வேண்டும். முப்பத்தைந்து வருஷம் உழைத்தவருக்கும் அது எட்டாயிரத்தைத் தாண்டாது. 2014க்கு முன்னால் வரம்பு 6,500 ஆக இருந்ததால், நிஜத்தில் கைக்கு வருவது அதிலும் குறைவு. தமிழக அரசு வேலையிலும் 2003 ஏப்ரல் 1 முதல் சேர்ந்தவர்கள் பழைய ஓய்வூதியத்தில் வரமாட்டார்கள்.

கோவில் தெற்கு வாசல் பக்கம் துளசியும் தாமரையும் விற்கிற பாட்டிகளுக்கு இந்தக் கணக்கு எதுவுமே கிடையாது. உடம்பு முடிகிற வரை கடை. அவர்களிடம் போய் ஓய்வைப் பற்றிப் பேச எனக்கு வாய் வராது.

நம்பிக்கை: ரிட்டயர் ஆனபிறகும் வேலைக்குப் போவது பேராசை.

'பிள்ளை அமெரிக்காவில் இருக்கிறான், இவருக்கு என்ன தலையெழுத்து?' என்று பேசும் தெரு இது. இருந்தாலும், திருச்சியை அடுத்த துவாக்குடியில் பாய்லர் பாகங்கள் செய்யும் பட்டறைகளுக்கு, வெல்டிங் தையலைப் பார்த்த மாத்திரத்தில் குறை சொல்லத் தெரிந்த ஒருவர் தேவைப்படுகிறார். அந்தக் கண் அறுபதாம் பிறந்தநாளில் மங்கிப்போவதில்லை. அவர் வேலைக்குப் போகட்டுமே. ஆனால் வாரத்தில் எத்தனை நாள், எத்தனை மணி, நைட் ஷிஃப்ட் உண்டா இல்லையா என்பதை அவரே சொல்லி, எழுதி வாங்கிக்கொண்டு போக வேண்டும். பழைய பத்து மணி நேரத்தைப் பாதிச் சம்பளத்துக்குச் செய்தால், பழைய ரத்த அழுத்தம் முழுசாகத் திரும்பி வரும். ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த எழுத்தாளர் சுஜாதா, பாரத் எலெக்ட்ரானிக்ஸில் ஓய்வு பெற்றபின் சென்னைக்கு வந்து, 'கற்றதும் பெற்றதும்' பத்தியும் 'கன்னத்தில் முத்தமிட்டால்', 'சிவாஜி' வசனங்களும் எழுதினார். எல்லோரும் சுஜாதா ஆக முடியாதுதான். அளவை நாமே வைத்துக்கொள்வது எல்லோருக்கும் முடியும்.

நம்பிக்கை: அவர் ரிட்டயர் ஆகிவிட்டார், இனி இரண்டு பேருக்கும் ஓய்வு.

எனக்கு மிகவும் வருத்தம் தரும் நம்பிக்கை இதுதான். முப்பது வருஷமாக மாமா எட்டு மணிக்குக் கிளம்பிவிடுவார். பத்து மணியிலிருந்து மூன்று வரை வீடு மாமியுடையது. ரேடியோ, ஒரு தூக்கம், பக்கத்து வீட்டு வாசலில் பேச்சு எல்லாம் அதற்குள். இப்போது மாமா முழுநாளும் ஹாலில். பதினொரு மணிக்கு இரண்டாம் காபி, ஒரு மணிக்குச் சூடாகத் தளிகை, சாத்தமுதில் உப்பு கம்மி என்று ஒரு குறிப்பு, நாலு மணிக்கு டிபன். நாலு டப்பாவில் கட்டிக் கொடுத்து முடிந்துவிட்ட வேலை, நாள் முழுக்க இழுபடுகிறது. "ஏன்னா, கொஞ்சம் வெளியில போயிட்டு வாங்கோளேன்" என்று எத்தனை வீடுகளில் கேட்கிறது!

மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், தங்கள் வீட்டு வேலையைச் செய்யும் பெண்கள் அதற்குச் செலவிட்டது நாளுக்கு 289 நிமிஷம், ஆண்கள் 88. வேலைக்குப் போன பெண்களும் ரிட்டயர் ஆவது ஆபீஸிலிருந்து மட்டும்தான். டிகாக்ஷன் இறக்குவது, காய் நறுக்குவது, பாத்திரம் தேய்ப்பது எதுவும் அறுபது வயது ஆணுக்குக் கஷ்டமான வேலை இல்லை. ஓய்வு பெற்ற மறுநாளே ஒரு வேளைச் சமையல் அவருடையது என்று வைத்துக்கொண்டால், இரண்டு பேருக்கும் அது ஓய்வுக்காலம்.

நம்பிக்கை: பெருமாள் பக்கத்தில் இருந்தால் மனசு தானே நிறைந்துவிடும்.

சேவைக்கு இரண்டு மணி நேரம். மீதிப் பகலை என்ன செய்வது? வெளியூரில் வாழ்ந்து திரும்பியவருக்குத் தெரிந்த திண்ணைகள் ஃபிளாட் ஆகிவிட்டன, தெரிந்த முகங்களும் குறைந்துவிட்டன. குறித்த நாளில் குறித்த நேரத்தில் நம்மை யாராவது எதிர்பார்க்க வேண்டும். பிரபந்தம் சந்தை (ஒருவர் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்லிக் கற்பது) சொல்லிக்கொள்ளப் போகலாம், தெருப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தரலாம். வரவில்லையென்றால், "மாமா ஏன் வரலை?" என்று கேட்க ஆள் இருக்கும் இடமாக இருக்க வேண்டும்.

வீதி நடை மட்டுமே உடம்புக்குப் போதாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 65 வயதைத் தாண்டியவர்களில் 28 முதல் 35 சதவீதம் பேர் வருஷத்துக்கு ஒரு தடவையாவது விழுகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தசை வலுவுக்கும் தடுமாறாமல் நிற்பதற்கும் வாரம் மூன்று நாளாவது தனிப் பயிற்சி வேண்டும் என்றும் அது சொல்கிறது. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்துத் தடவை எழுந்து உட்காருவதில் ஆரம்பிக்கலாம். குளியலறையில் ஒரு பிடிமானக் கம்பியும் போட்டுவிடுங்கள்.

நம்பிக்கை: வீட்டைப் பிள்ளைக்கு எழுதிவிட்டால் நிம்மதி.

அந்த நிம்மதி நிச்சயம் இல்லை. அதற்காக, எழுதிக் கொடுத்தால் போனது போனதுதான் என்பதும் முழு உண்மை இல்லை. 2007ஆம் ஆண்டு பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவில், பிள்ளை கடைசிவரை கவனித்துக்கொள்வார் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, அவர் கவனிக்காவிட்டால் ரத்து செய்ய வழி இருக்கிறது. கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்க வேண்டும். அந்த நிபந்தனை இல்லாமல் இந்தப் பிரிவின் உதவி கிடைக்காது என்று உச்ச நீதிமன்றம் 2022 டிசம்பரில் சொன்னது. எனவே தான செட்டில்மெண்ட் எழுதுமுன் பத்திர எழுத்தரிடம் அந்த வரியைக் கேட்டு வாங்குங்கள். கையெழுத்துப் போடுமுன் மாமியும் அதைப் படித்துப் பார்க்கட்டும். சிக்கல் என்று வந்தால் முதியோர் உதவி எண் 14567, கட்டணம் இல்லை.