பசியாறலும் மன ஆறுதலும்: மலாக்காத் தோட்டங்கள் முதல் தொழிற்பேட்டைகள் வரை

முன்னுரை

வேலைக்குச் செல்லும் ஒருவர் விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதியைப் பணியிடத்திலேயே கழிக்கிறார். அங்கு அவர் என்ன உண்கிறார், எப்பொழுது உண்கிறார், யாருடன் உண்கிறார் என்பவை உடலை மட்டுமன்றி மனத்தையும் தொடுகின்றன. மலேசியச் சுகாதார அமைச்சின் தேசிய ஆய்வின்படி, பெரியவர்களிடையே மனச்சோர்வு 2019இல் 2.3 விழுக்காடாக இருந்தது, 2023இல் 4.6 விழுக்காடாக உயர்ந்தது. இதற்குக் காரணங்கள் பல. உணவு ஒன்றே இதற்கு மருந்து என நான் கூற வரவில்லை. ஆயினும், பணியிட மனநலம் என்றவுடன் கருத்தரங்கையும் ஆலோசகரையும் நினைக்கும் நாம், சோற்றுப் பொட்டலத்தை மறந்துவிடுகிறோம்.

பணியிட உணவு மனத்துக்கு நலம் தர மூன்று கூறுகள் வேண்டும் என்பது என் கருத்து. அவை போதிய உணவு, பிறர் பறிக்காத நேரம், உடன் உண்ண ஆள் ஆகியவையாகும். மலாக்கா மாநிலத் தமிழரின் தோட்ட வாழ்வையும் அதன் பின் வந்த தொழிற்சாலை வாழ்வையும் ஒப்பிட்டு இதனை விளக்க முற்படுகிறேன்.

பசியாறல் என்னும் சொல்

மலேசியத் தமிழரின் பேச்சில் காலை உணவுக்குப் ‘பசியாறல்’ என்று பெயர். “பசியாறிட்டீங்களா?” என்பது இங்கு நலம் விசாரிக்கும் சொல்லாகவே வழங்குகிறது. ‘ஆறு’ என்னும் வினையைச் சற்று எண்ணிப் பாருங்கள். சூடு ஆறுகிறது, புண் ஆறுகிறது, சினம் ஆறுகிறது. களைத்தவர் இளைப்பாறுகிறார், துயருற்றவர் ஆறுதல் பெறுகிறார். கொதித்துக் கிடந்த ஒன்று தணிந்து தன் நிலைக்குத் திரும்புவதே ஆறுதல். ஆகவே, பசியாறுதல் என்பது வயிற்றை நிரப்புவது மட்டுமன்று. உடலும் மனமும் ஒருங்கே தணிவதாகும். இச்சொல்லுக்குப் பிறவினையும் உண்டு. தான் உண்பது பசியாறுதல். பிறரை உண்ணச் செய்வது பசியாற்றுதல்.

பால்மரக் காட்டில் பசியாறல்

மலாயாவில் வணிக நோக்கிலான முதல் ரப்பர்த் தோட்டத்தை 1896இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் தொடங்கினார். பின்னர் அவர் புக்கிட் அசகானில் பெருமளவில் ரப்பர் பயிரிட்டார். அதைத் தொடர்ந்து ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களில் தோட்டங்கள் பெருகின. தமிழகத்திலிருந்து வந்தோர் அவற்றில் குடியமர்ந்தனர்.

ரப்பர் மரத்துக்கென்று ஒரு கால ஒழுங்கு உண்டு. விடியலின் குளிர்ச்சியில்தான் பட்டைக்குள் அழுத்தம் மிகுந்து பால் நன்றாக வடியும். எனவே, இருட்டோடு பெரட்டுக்கு நின்று, பொழுது புலரும்போது மரம் வெட்டத் தொடங்க வேண்டும். நிரையிலுள்ள சில நூறு மரங்களை வெட்டி முடித்தபின், பால் மங்கில் வடிந்து நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். கங்காணி விரட்டினாலும் துரையே வந்து நின்றாலும் பால் விரைவாக வடியாது. அந்த இடைவெளியில்தான் தொழிலாளர்கள் பசியாறினர். தோட்டத்து மக்களின் உணவு வேளையை மரமே காத்துத் தந்தது எனலாம்.

ஜாசின் வட்டாரத்தில் பால்மரம் வெட்டிய என் பாட்டி வழி நான் அறிந்தது இது. பக்கத்து நிரைகளில் வெட்டுவோர் நிழலில் ஒன்றுகூடுவர். தூக்குச் சட்டியில் பழைய சோறும் நெத்திலிச் சம்பலும் இருக்கும். சில நாள்களில் ரொட்டியும் வரக்கோப்பியும் மட்டுமே. ஒருத்தியின் சம்பல் இன்னொருத்தியின் சோற்றுக்குப் போகும். பிள்ளையின் காய்ச்சல், கணவனின் குடி, கடைக்காரரிடம் வைத்த கடன் எல்லாம் அங்கே பேசப்படும். யாராவது சட்டியைத் திறக்காமல் அமர்ந்திருந்தால், வீட்டில் ஏதோ நடந்திருக்கிறது என்று மற்றவர்களுக்கு உடனே தெரிந்துவிடும்.

இதனைப் பொற்காலமாகக் காட்டுவது என் நோக்கமன்று. மழை பெய்தால் வேலை இல்லை. வேலை இல்லையேல் கூலி குறையும். பிள்ளைகளுக்கும் கணவனுக்கும் போக மிஞ்சியதையே பெண்கள் தமக்கு எடுத்துவந்தனர். நேரமும் துணையும் இருந்தன, உணவு போதவில்லை.

ஆய்வுகள் கூறுவன

உணவு போதாமையின் விளைவை நமக்கு நெருங்கிய ஓர் ஆய்வு காட்டுகிறது. இந்தோனேசியாவின் மேற்கு ஜாவா ரப்பர்த் தோட்டத் தொழிலாளர்களிடையே பாஸ்தாவும் அவர்தம் குழுவினரும் நடத்திய ஆய்வு 1979இல் வெளிவந்தது. ஆய்வுக்குட்பட்ட ஆண்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இரும்புச்சத்துக் குறைவால் இரத்தசோகை இருந்தது. இவர்கள் இரத்தசோகை இல்லாதவர்களைவிடக் குறைவாகவே பால் எடுத்தனர். அறுபது நாள் இரும்புச்சத்து கொடுத்தபின் அவர்களது உழைப்புத் திறன் உயர்ந்தது. தோட்டத்தில் ‘சோம்பேறி’ என்று ஏச்சு வாங்கியவர்களுள் எத்தனை பேர் உண்மையில் இரத்தமின்றி வாடியவர்கள் என்ற கேள்வி இதைப் படித்தபோது எனக்கு எழுந்தது.

பசி மனத்தை மாற்றுவதை அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகம் 1944, 1945ஆம் ஆண்டுகளில் நடத்திய சோதனை காட்டியது. 36 நலமான இளைஞர்கள் தாமே முன்வந்து பல மாதங்கள் குறைந்த உணவில் வாழ்ந்தனர். எரிச்சலும் சோர்வும் பிறரிடமிருந்து ஒதுங்கும் போக்கும் அவர்களிடம் தோன்றின. அவர்களின் குணம் கெட்டுவிடவில்லை, உணவுதான் குறைந்திருந்தது.

உண்ணும் நேரமும் முக்கியம். 2022இல் பாஸ்டன் நகர ஆய்வாளர்கள் 19 பேரை இரவு வேலை போன்ற சூழலில் வைத்து ஆராய்ந்தனர். பகலிலும் இரவிலும் உண்டவர்களிடம் சோர்வு மனநிலை 26 விழுக்காடும் பதற்ற மனநிலை 16 விழுக்காடும் கூடின. பகலில் மட்டும் உண்டவர்களிடம் இம்மாற்றம் காணப்படவில்லை. இது சிறிய ஆய்வே. ஆயினும் இரவு ஷிப்டில் உழைப்போர் அறிய வேண்டியது. நீரிழிவு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் உணவு நேரத்தை மாற்றக்கூடாது.

தொழிற்பேட்டையில் மணியடிக்கும் வேளை

1970களில் பத்து பெரெண்டாமில் தடையற்ற வாணிப வட்டாரம் உருவானது. ஆயர் குரோ, செங், தஞ்சோங் கிளிங் எனத் தொழிற்பேட்டைகள் விரிந்தன. ரப்பர் செம்பனையாக மாறியது, தோட்டங்கள் துண்டாடப்பட்டன. தோட்டத்துப் பிள்ளைகள் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறினர்.

இங்கு உணவுக்குப் பெரும்பாலும் குறைவில்லை. சிற்றுண்டிச்சாலையில் நாசி லெமாக்கும் மீ கோரேங்கும் தே தாரிக்கும் கிடைக்கின்றன. குறைந்தது நேரம். உற்பத்தி வரிசை நிற்கக்கூடாது என்பதால் இடைவேளை ஆள் மாற்றி ஆள் விடப்படுகிறது. உடை மாற்றி, வரிசையில் நின்று, உணவு வாங்கி அமரும்போது பாதி நேரம் போய்விடுகிறது. பக்கத்து இயந்திரத்தில் நிற்பவருக்கு வேறு நேரம். ஆகவே துணையும் இல்லை. மாட்டிறைச்சி உண்ணாதவரும் வெள்ளிக்கிழமை மரக்கறி உண்பவரும் எந்தக் கரண்டி எந்தக் குழம்பில் போனதோ என்ற தயக்கத்தோடு பிஸ்கட்டும் இனிப்புத் தேநீருமாக நாளைக் கடத்துவதையும் கண்டிருக்கிறேன்.

நகரத்து உணவகங்களின் நிலை இன்னும் வருந்தத்தக்கது. பகலெல்லாம் வாழையிலை போட்டுப் பிறரைப் பசியாற்றுபவர், கூட்டம் ஓய்ந்த மூன்று மணிக்கு மேல் பின்கட்டில் நின்றுகொண்டே உண்பது இயல்பாகிவிட்டது.

அலுவலகங்களில் நேரத்தை நாமே விட்டுக்கொடுக்கிறோம். கணினியின் முன்னால் உண்பது உழைப்பின் அடையாளமாகிவிட்டது. இது பெருமைக்குரியதன்று என்பேன். அமெரிக்கத் தீயணைப்பு நிலையங்களைப் பற்றி 2015இல் வெளிவந்த ஆய்வொன்றில், ஒன்றாக உண்ணும் குழுக்கள் பணியிலும் நன்கு ஒத்துழைப்பதாகக் கண்டறியப்பட்டது. சேர்ந்து உண்பதால் ஒற்றுமை வந்ததா, ஒற்றுமை இருப்பதால் சேர்ந்து உண்டனரா என்பதை அவ்வாய்வைக் கொண்டு மட்டும் உறுதியாகக் கூற இயலாது. இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கும் என்பதே பால்மரக் காடு காட்டும் பாடம்.

சட்டம் தரும் உரிமை

உணவு வேளை முதலாளியின் கருணையன்று. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 60ஏ பிரிவின்படி, குறைந்தது முப்பது நிமிட ஓய்வின்றித் தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஒருவரை வேலை வாங்கக்கூடாது. பத்துப் பத்து நிமிடமாகத் தரும் சிறு இடைவெளிகள் அந்த ஐந்து மணி நேரத் தொடர்ச்சியை முறிப்பதில்லை. இடையறாது நடக்க வேண்டிய பணியாயின் எட்டு மணி நேரம் தொடரலாம். ஆனால், அதற்குள் மொத்தம் நாற்பத்தைந்து நிமிடங்களுக்குக் குறையாமல் உண்பதற்கு வாய்ப்பளிக்க வேண்டும். 1.1.2023 முதல் நடப்புக்கு வந்த திருத்தம் வார வேலை நேரத்தை 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைத்தது. பட்டம் பெற்று வேலைக்குச் செல்லும் நம்மில் பலர் சம்பளத்தையும் விடுப்பையும் கேட்டு அறிகிறோம். இதனை யாரும் கேட்பதில்லை.

உணவுக்கு இடமும் வேண்டும். அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு 1956இலேயே தனது 102ஆம் பரிந்துரையில் பணியிடச் சிற்றுண்டிச்சாலைகளையும் உணவறைகளையும் வலியுறுத்தியது.

நாம் செய்யக்கூடியவை

மேலாளராக இருக்கும் முன்னாள் மாணவர்கள் மதிய உணவு நேரத்தில் கூட்டம் வைக்காமல் இருக்கலாம். இடைவேளையை ஆள் மாற்றி விடும்போது இருவரையாவது சேர்த்து அனுப்பலாம். சிற்றுண்டிச்சாலைக் குழுவில் இடம்பெற்று, மரக்கறி உணவுக்குத் தனிப் பாத்திரமும் தனிக் கரண்டியும் கேட்கலாம். துப்புரவுப் பணியாளரும் குத்தகைத் தொழிலாளரும் படிக்கட்டில் அமர்ந்து உண்ணாதிருக்க அவர்களுக்கும் ஒரு மேசை ஒதுக்கலாம். இவற்றுக்குப் பெரும் செலவு இல்லை.

தொழிற்பயிற்சிக்குச் செல்லும் மாணவர்கள் தங்கள் இடைவேளையை விட்டுக்கொடுக்கும் பழக்கத்தை முதல் வாரத்திலேயே தவிர்க்க வேண்டும். உடன் பணிபுரிபவர் பல நாள்களாக உணவைத் தொடாமலோ கூட்டத்தை விட்டு விலகியோ இருந்தால், அருகில் சென்று பேச வேண்டும். பசியின்மை மனச்சோர்வின் அறிகுறிகளுள் ஒன்று. நிலை தொடர்ந்தால் அவரை அரசாங்கச் சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்ல வேண்டும். உடன் உண்பது சிகிச்சைக்கு மாற்றாகாது. ஆனால், சிகிச்சை தேவை என்பதை முதலில் கண்டுகொள்ளும் இடம் பெரும்பாலும் உணவு மேசையே.

முடிவுரை

தோட்டத்தில் உணவு வேளையை மரம் காத்தது. தொழிற்சாலைக்கும் அலுவலகத்துக்கும் அத்தகைய மரம் இல்லை. சட்டமும் நல்ல நிர்வாகமும் தொழிலாளர் ஒற்றுமையுமே அவ்விடத்தை நிரப்ப வேண்டும். பசியாறுவது தொழிலாளரின் உரிமை. பசியாற்றுவது முதலாளியின் கடமை. ‘ஆறுதல்’ என்னும் பொருளைத் தன்னுள் கொண்ட சொல்லால் காலை உணவை அழைக்கும் சமுதாயம் நம்முடையது. அச்சொல்லின் முழுப்பொருளும் நாம் பணிபுரியும் இடங்களில் விளங்கச் செய்வோமாக.