பனிச்சறுக்குக் காலணியும் ஈர்ப்பு மையமும்

இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்

காஷ்மீரத்திலுள்ள குல்மார்கில் பனிச்சறுக்குப் பயிற்சி முடித்துத் திரும்பிய தேசிய மாணவர் படை அண்ணன் ஒருவர், ஓரிரவு விடுதியில் எங்களுக்குக் கதை சொன்னார். குளிரைப் பற்றி அதிகம் சொல்லவில்லை. தொடைவலியைப் பற்றித்தான் சொன்னார். இரண்டு நாள் தொடை நெருப்பாய் எரிந்ததாம். மூன்றாம் நாள் பயிற்சியாளர் அவர் காலணியின் பின்புறத்திலிருந்து சுண்டுவிரல் கனமுள்ள ஓர் ஆப்பைக் கழற்றினார். எரிச்சல் வெகுவாகக் குறைந்தது. "ஆப்பை எடுத்தால் உடம்பு பின்னால்தானே போகணும்? எனக்கு முன்னால் வந்ததடா!" என்றார். நான் நம்பவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்த பிறகே நம்பினேன்.

முன்பெல்லாம் இக்காலணியைத் தோலால் செய்தார்கள். அதற்குள் கணுக்கால் ஓரளவு மடங்கும். 1960களில் பாப் லாங்கே என்ற அமெரிக்கர் பிளாஸ்டிக் காலணியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அது கெண்டைக்கால் வரை விறைத்த ஓடு. அதை அணிந்தவரின் முழங்காலுக்குக் கீழுள்ள பகுதி, செங்குத்துக் கோட்டிலிருந்து பெரும்பாலும் 11 முதல் 17 பாகை வரை முன்னே சாய்ந்தே நிற்கும். இதுவே முன்சாய்வு எனப்படும். சரிவில் இறங்குபவர் அச்சத்தால் பின்னே சாய்வது இயல்பு. அப்போது எடை குதிகாலுக்குப் போய்விடுகிறது; பலகையின் முன்பகுதி பனியை அழுத்தாததால் நினைத்த பக்கம் திரும்ப முடிவதில்லை. அதைத் தடுக்கவே இந்தச் சாய்வு.

அப்படியானால் சாய்வைக் கூட்டக் கூட நல்லதுதானே? நானும் அப்படித்தான் எண்ணினேன். ஆனால் முழங்கால் முன்னே தள்ளப்பட்டால் ஈர்ப்பு மையமும் முன்னே போய், ஆள் குப்புற விழ வேண்டும். விழாமலிருக்க இடுப்பைப் பின்னே தள்ளி உட்காருகிறார். பள்ளியில் தண்டனையாக நம்மை நாற்காலி போல் நிற்கவைப்பார்களே, அதே நிலைதான். உடலைத் தாங்குவது எலும்பன்று, தொடைத்தசை.

கணக்கைப் பாருங்கள். கணுக்காலுக்கு மேல் 25 செ.மீ. உயரத்தில் 1 செ.மீ. ஆப்பு இருப்பதாகக் கொள்வோம். சாய்வு சுமார் 2.3 பாகை கூடுகிறது. கணுக்காலிலிருந்து 40 செ.மீ. உயரத்திலுள்ள முழங்கால், வடிவொத்த முக்கோண விதிப்படி, 1.6 செ.மீ. முன்னே போகும். முழங்காலுக்கு மேலுள்ள உடலின் நிறை 50 கிலோ என்றால், இரு முழங்கால்களிலும் சேர்த்துத் திருப்புத்திறன் ஏறக்குறைய 8 நியூட்டன் மீட்டர் அதிகமாகிறது. வேகமான திருப்பத்தில் உடல் தன் எடையைப்போல் இரு மடங்கு விசையைத் தாங்க நேர்ந்தால், இதுவும் இரட்டிக்கும். நாள் முழுவதும் இப்படி என்றால் தொடை எரியாமல் என்ன செய்யும்!

சாய்வைத் திருத்தும் வழிகள் எளியவை. சில காலணிகளில் ஆப்பைக் கழற்றலாம். சிலவற்றில் பின்புறத் திருகைத் தளர்த்தி ஒரு தகட்டைத் திருப்பி வைக்கலாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் (ஆய்வுக்கூடத்தில் நாம் இதை மறந்துதான் மாட்டிக்கொள்கிறோம்). பிறகு காலணியை இறுக்கி, சமதரையில் முழங்காலைச் சற்றே மடக்கி நிற்க வேண்டும். தொடை விறைத்து இடுப்பு பின்னே போனால் சாய்வு மிகுதி. எடை குதிகாலிலேயே நின்று, முன்கால் எலும்பு காலணியின் முன்புறத்தில் படவேயில்லை என்றால் சாய்வு போதாது.

அண்ணனுடன் சென்றவர்களுக்கும் அதே காலணிதான், அவர்களுக்கு வலியில்லை. காரணம் கெண்டைக்கால். அது பருத்திருந்தால் ஓட்டின் பின்சுவரில் மோதிக் காலை முன்னே தள்ளும். அதுவே ஓர் ஆப்புதான். விடுமுறையில் நூலும் அளவுகோலும் கொண்டு வீட்டில் அளந்து பார்த்தேன். மூட்டை தூக்கும் என் தந்தைக்குக் கெண்டைக்கால் சுற்றளவு 41 செ.மீ.; எனக்கு 33. செருப்போ இருவருக்கும் எட்டாம் எண். ஒரே காலணியை அணிந்தால் அவருக்கு ஆப்பை எடுக்க வேண்டும். எனக்கு ஒன்று வைக்க வேண்டியிருக்கும்.