மடிக்கணினியின் வன்தட்டும் நிலைபொருளும்

மடிக்கணினி இன்று நம் கரிசல் வட்டாரத்து மாணவர்க்குப் புதிய பொருள் அன்று. தமிழக அரசு 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழியாக, எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்த கணினிகள், வானம் பார்த்த பூமியில் பருத்தியும் கம்பும் விதைக்கும் வீடுகளுக்கும், தீப்பெட்டித் தொழிலை நம்பிய வீடுகளுக்கும் சென்று சேர்ந்தன. அண்ணன் பயன்படுத்தியதைத் தங்கை பயன்படுத்துவதும், அவளிடமிருந்து தம்பிக்குப் போவதும் இங்கு வழக்கம். உழைக்கும் பொருளுக்கு நோய் வருவது இயல்பே. அந்நோய்களுள், பெரும்பாலும் தவறாகவே கண்டறியப்படும் ஒன்றை மட்டும் இக்கட்டுரை ஆராய்கிறது.

அதன் அறிகுறி இது. புதுப்பித்தல் ஒன்று காத்திருப்பதாகக் கணினி அறிவிக்கிறது. நாமும் இசைகிறோம். கணினி இருமுறை அணைந்து எரிகிறது. பிறகு கருந்திரையில் ‘நோ பூட்டபிள் டிவைஸ்’ என்று ஒரு வரி, வேறொன்றும் இல்லை. கடைக்கு எடுத்துச் சென்றால், “ஹார்டு டிஸ்க் போச்சு தம்பி, புதுசு போட்டு விண்டோஸ் ஏத்தித் தாரேன்” என்ற விடை கிடைக்கிறது. சில வேளைகளில் அவ்விடை சரியே. பல வேளைகளில் வன்தட்டு நலமாகவே இருக்கிறது. அதனை அடையும் வழிதான் மாறியிருக்கிறது. இவ்விரண்டையும் பிரித்தறியாமல் புதிய விண்டோஸை அதே தட்டில் ஏற்றிவிட்டால், இருந்த எழுத்தும் படமும் ஒலியும் அழிந்துபோகும். புதிய தட்டினை விலைக்கு வாங்கலாம். அதில் இருந்ததை வாங்க இயலாது.

நிலைபொருள் என்பது யாது?

கணினியில் கையால் தொடக்கூடியது வன்பொருள். நாம் ஏற்றவும் நீக்கவும் கூடியது மென்பொருள். இவ்விரண்டிற்கும் இடையே, கருவியின் உள்ளேயே எழுதி நிலைநிறுத்தப்பட்ட கட்டளைத் தொகுதி ஒன்று உண்டு. அதுவே நிலைபொருள். ஆங்கிலத்தில் ‘ஃபர்ம்வேர்’ என்னும் சொல்லை 1967இல் ஆஷர் ஆப்ளர் என்பார் வழங்கினார். அன்று அவர் குறித்த பொருள் சற்றுக் குறுகியது. இன்று அச்சொல் துவைக்கும் இயந்திரம் வரை பரவிவிட்டது.

மாணவர்கள் மனத்திற்கொள்ள வேண்டுவது, ஒரு மடிக்கணினியில் நிலைபொருள் ஒன்றல்ல, பல உண்டு என்பதே. நம் பொருளுக்கு இரண்டு போதும். ஒன்று தாய்ப்பலகையில் உள்ளது. பயாஸ் என்று பழைய பெயராலும், யு.இ.எஃப்.ஐ. என்று புதிய பெயராலும் வழங்குவது. கணினியை முடுக்கியவுடன் முதலில் விழித்தெழுந்து, தட்டு எங்கே, நினைவகம் எங்கே என்று பார்ப்பது இதுவே. மற்றொன்று வன்தட்டுக்கே உரியது. இதில் ஒரு சிறு பகுதி தட்டின் அடியிலுள்ள மின்சுற்றுப் பலகையிலும், பெரும்பகுதி தட்டிலேயே நம் கண்ணுக்கும் விண்டோஸ் கண்ணுக்கும் புலப்படாத ஓர் ஒதுக்கிடத்திலும் எழுதப்பட்டிருக்கும்.

நம் ஊர்ப் பஞ்சுக் கிட்டங்கியை எண்ணிப் பாருங்கள். மூட்டைகள் அடுக்கி வைத்தபடியே இருக்கின்றன. கணக்குப்பிள்ளை மட்டும் மாறினார். வாசற்கதவு எது, சாவி எந்த ஆணியில் தொங்குகிறது என்பது புதியவர்க்குத் தெரியவில்லை. வந்த வண்டிக்காரரிடம் ‘இங்கே சரக்கே இல்லை’ என்று சொல்லி அனுப்பிவிடுகிறார். தாய்ப்பலகை நிலைபொருள் மாறும்போது நேர்வது இது. தட்டின் சொந்த நிலைபொருள் கெடுவதோ, கிட்டங்கியின் உள்ளிருக்கும் அடுக்குக் கணக்கே தொலைவது போன்றது. முன்னது எளிது, பின்னது கடினம்.

வழி மாறிய தட்டு

முதலிற் செய்யவேண்டியது, திரையில் வரும் சொற்களை அப்படியே தாளில் எழுதிக்கொள்வது, அல்லது கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்வது. ‘ஏதோ எரர் வந்தது’ என்பது எந்த மருத்துவருக்கும் உதவாது. அடுத்து, கணினியை முடுக்கும்போதே அமைப்புப் பக்கத்திற்குள் நுழைய வேண்டும். பல கணினிகளில் எஃப்2 விசை. சிலவற்றில் எஃப்1, எஃப்10 அல்லது டெலீட். அங்கே வன்தட்டின் பெயரும் கொள்ளளவும் காட்டப்படுகின்றனவா என்று பார்க்கவேண்டும். சரியான கொள்ளளவோடு பெயர் தென்பட்டால், தட்டின் மின்சுற்றும் சுழற்சியும் ஒருவாறு இயங்குகின்றன என்று கொள்ளலாம். (500 ஜிகாபைட் என்று விற்ற தட்டினை விண்டோஸ் 465 என்று காட்டுவதைக் கண்டு ஏமாற்று என்று எண்ணவேண்டா. விற்பவர் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்குகிறார். விண்டோஸ் 1024ஆல் வகுக்கிறது.)

பெயர் தெரிந்தும் கணினி எழவில்லை என்றால், புதுப்பித்தலின்போது அமைப்புகள் ஆலையிலிருந்து வந்த நிலைக்குத் திரும்பிவிட்டன என்று ஐயுறவேண்டும். அவற்றுள் இரண்டு முக்கியமானவை.

ஒன்று, எழுப்பும் முறை. பழைய முறைக்கு லெகசி என்று பெயர், புதியது யு.இ.எஃப்.ஐ. பழைய முறையில் பகுக்கப்பட்ட தட்டில் ஏற்றிய விண்டோஸைப் புதிய முறையால் எழுப்ப இயலாது. அப்போதுதான் மேற்சொன்ன கருந்திரை வரி தோன்றும். மற்றொன்று, சாட்டா முறை. ஐ.டி.இ. என்பது பழையது, ஏ.எச்.சி.ஐ. என்பது 2004இல் இன்டெல் வெளியிட்ட முறை. சில கணினிகளில் ரெய்டு அல்லது வி.எம்.டி. என்றும் இருக்கும். விண்டோஸ் எந்த முறையில் ஏற்றப்பட்டதோ அதிலிருந்து திடீரென மாறினால், பாதி எழுந்து, நீலத்திரையில் ‘இன்அக்சசிபிள் பூட் டிவைஸ்’ என்று நின்றுவிடும். கருந்திரைக்கும் நீலத்திரைக்கும் உள்ள இவ்வேறுபாடு பெரிதும் பயன்படும்; இது தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

மருந்து எளியது. மாறியதை முன்பிருந்தபடி வைக்கவேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, சேமித்து, எழுப்பிப் பார்த்து, பயனில்லையேல் அதனைப் பழையபடி வைத்துவிட்டே அடுத்ததைத் தொடவேண்டும். மூன்றை ஒருசேர மாற்றுவோர் எது குணப்படுத்தியது, எது கெடுத்தது என்று அறியமாட்டார்.

நம் துறை ஆய்வகத்திற்கு வந்த ஒரு கணினியை இங்குச் சொல்வது தகும். எட்டயபுரம் பக்கத்துச் சிற்றூரிலிருந்து வரும் முதுகலைத் தமிழ் மாணவி ஒருவருடையது. கி. ராஜநாராயணன் பிறந்த இடைசெவல் நமக்கு எட்டும் தொலைவுதான். அவர் கரிசல் வழக்குச் சொற்களைத் தொகுத்து அகராதியாக்கியதை அறிந்த இம்மாணவி, தாமும் களைவெட்டு, பருத்தி எடுப்பு, ஏர்ச் சாமான்கள் பற்றிய சொற்களைப் பதினொரு முதியோரிடம் கேட்டு ஒலிப்பதிவு செய்திருந்தார். அவருள் இருவர் பின்னர் இயற்கை எய்திவிட்டனர். பதிவுகள் முழுதும் அந்த ஒரே தட்டில். இரவு புதுப்பித்தல் ஓடியது, காலையில் கருந்திரை. தட்டை மாற்றவேண்டும் என்றும், பழையதைக் கழித்துக்கொண்டு விலை குறைத்துத் தருவதாகவும் ஒரு கடையில் சொல்லியிருக்கிறார்கள். நல்லவேளையாக, அம்மாணவியின் தாயார், “சார் கிட்ட ஒருவாட்டி காமிச்சிட்டு வா, அப்புறம் குடுத்துக்கலாம்” என்று தடுத்திருக்கிறார்.

அமைப்புப் பக்கத்தில் தட்டின் பெயரும் அளவும் சரியாகவே இருந்தன. முன்பு எவரோ விண்டோஸைப் பழைய முறையில் ஏற்றியிருக்க, புதுப்பித்த நிலைபொருள் யு.இ.எஃப்.ஐ.க்கு மாறியிருந்தது. லெகசி என்று மாற்றியவுடன் கணினி எழுந்தது. செலவு ஒன்றும் இல்லை. ஆயினும் அன்று மாலைக்குள் அப்பதிவுகள் ஒரு வெளித்தட்டிலும், துறைக் கணினியிலும் படியெடுக்கப்பட்ட பின்னரே மாணவி வீடு சென்றார்.

புதிய விண்டோஸ் கணினிகளில் மற்றொரு வாசலும் உண்டு. பிட்லாக்கர் என்னும் மறையாக்கம் இயங்கிக்கொண்டிருந்தால், தாய்ப்பலகை நிலைபொருள் மாறியதை அது அயலார் கைவரிசை என்று கருதி, 48 இலக்க மீட்புத் திறவுகோலைக் கேட்கும். பெரும்பாலும் அது உரியவரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். கணினியை முதன்முதல் அமைத்தவர் கடைக்காரர் என்றால், கணக்கும் அவர் பெயரில் இருக்கக்கூடும்! அத்திறவுகோல் இல்லையேல் எந்த வல்லுநராலும் அத்தட்டினைத் திறக்க இயலாது. ஆகவே இதனை இன்றே பார்த்து எழுதிவைத்தல் நலம். பயாஸைப் புதுப்பிக்குமுன் பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கவும் விண்டோஸிலேயே வழியுண்டு.

தட்டின் சொந்த நிலைபொருள்

இங்கு உலகறிந்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. 2008ஆம் ஆண்டின் இறுதியில், சீகேட் நிறுவனத்தின் பாரகுடா 7200.11 வகைத் தட்டுகள் சில, மின்சாரம் தந்து எழுப்பும்போது திடீரென ஊமையாயின. இவை மேசைக் கணினித் தட்டுகள். பிழை தட்டின் நிலைபொருளில் இருந்தது. உள்ளே நிகழ்ச்சிகளைக் குறித்து வைக்கும் பதிவேட்டின் எண்ணிக்கை ஒரு குறிப்பிட்ட இடத்தில் வந்து நிற்கும்போது எழுப்பினால், தட்டு தன்னைத் தானே பூட்டிக்கொண்டது. 2009 சனவரியில் நிறுவனம் மாற்று நிலைபொருளை வெளியிட்டது. அம்மருந்தின் முதற்பதிப்போ, 500 ஜிகாபைட் தட்டுகள் சிலவற்றை முடக்கியது! அதனைத் திரும்பப் பெற்று, திருத்திய பதிப்பைத் தந்தார்கள். இவற்றிலெல்லாம் எழுதியிருந்த செய்திகள் அழியவில்லை என்பதே கருதத்தக்கது. தொடர்முனை வழியாகத் தட்டோடு நேரே பேசிப் பூட்டை நீக்கியோர் தம் கோப்புகளை மீளப் பெற்றனர்.

இதைப் படித்துவிட்டு, ‘இனிப் புதுப்பிக்கவே மாட்டேன்’ என்று முடிவு செய்வதும் தவறாகும். 2019 நவம்பரில் எச்.பி. என்டர்பிரைஸ் நிறுவனம், தன் சேவையகங்களில் பொருத்திய சில திடநிலைத் தட்டுகள் 32,768 மணி நேரம் இயங்கியதும் அடியோடு செயலிழக்கும் என்றும், அதற்குள் நிலைபொருளைப் புதுப்பிக்க வேண்டும் என்றும் எச்சரித்தது. அது 3 ஆண்டு, 270 நாள், 8 மணி ஆகிறது. கணித மாணவர் அவ்வெண்ணைக் கண்டதும் இனங்கண்டுகொள்வர்: இரண்டின் பதினைந்தாம் அடுக்கு. குறியுடன் கூடிய 16 இருமப் பெட்டியில் அடங்கும் மிகப்பெரிய எண் 32,767. அதற்குமேல் ஒன்று கூட்டினால் எண் குறைமதிப்பாகப் புரண்டுவிடும். அங்குப் புதுப்பிக்காதவரே இழப்பவர்.

தட்டின் நிலைபொருளை எழுதும் சில நிமிடங்களில் மின்சாரம் போவதே பேரிடர். 2012இல் நம் தென்மாவட்டங்கள் பட்ட மின்வெட்டினை மூத்தோர் மறந்திரார். இன்றும் ஐப்பசி கார்த்திகை இடிமழையில் மின்சாரத்தை நம்புவதற்கில்லை. மின்கலம் செத்துப்போய், சார்ஜரில் மட்டும் ஓடும் மடிக்கணினியில் நிலைபொருளைத் தொடவே கூடாது. மின்கலம் நிரம்பியும், சார்ஜர் செருகியும் இருக்கவேண்டும்.

தற்செயலாக நேர்ந்த சாவு

மூன்றாவது வகை ஒன்று உண்டு. தட்டு முன்பே நலிந்திருந்தது. புதுப்பித்தல் அதனை வெளிப்படுத்தியது. மூடியை மூடி உறங்கவைத்தே மாதக்கணக்கில் ஓட்டிய கணினியைப் புதுப்பித்தல்தான் முழுமையாக அணைத்து எழுப்புகிறது. பழி புதுப்பித்தலின் மேல் விழுகிறது.

இதன் அறிகுறிகள் வேறு. காதைத் தட்டினருகே வைத்தால் ‘டக், டக்’ என்று ஒரே சீரான ஒலி. அல்லது சுழலத் தொடங்கி நின்று, மீண்டும் தொடங்கும் ஒலி. அமைப்புப் பக்கத்தில் பெயர் இராது, அல்லது கொள்ளளவு பிழையாக இருக்கும். மடிக்கணினித் தட்டு நிமிடத்திற்குப் பொதுவாக 5400 முறை, அதாவது நொடிக்கு 90 முறை சுழல்கிறது. படிக்கும் முனை தட்டைத் தொடாமல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. ஆடிக் காற்றில் நம் ஊரில் பறக்கும் கரிசல் தூசியின் ஒரு துகள் அம்முனைக்கு முன்னால் குன்று. ஆகவே தட்டின் மேல்மூடியை ஒருபோதும் திறக்கலாகாது. மூடியிலுள்ள சிறு மூச்சுத்துளையை ஒட்டுநாடாவால் அடைப்பதும் கூடாது. அதற்கு உள்ளே வடிகட்டி இருக்கிறது.

கணினி எப்படியேனும் எழுமாயின், தட்டு தன்னைப் பற்றித் தானே எழுதிவைக்கும் ‘ஸ்மார்ட்’ குறிப்பேட்டைப் படிக்கலாம். அதற்கெனக் கட்டணமில்லா மென்பொருள்கள் உண்டு. 5ஆம் எண் வரி, கெட்டு மாற்றிடம் தரப்பட்ட கூறுகள். 197ஆம் வரி, படிக்க இயலாது காத்திருக்கும் கூறுகள். இவை ஏறிக்கொண்டே போனால் தட்டு விடைபெறுகிறது. 199ஆம் வரி மட்டும் ஏறினால், குறை தட்டில் அன்று, இணைப்பில். கணினியை அணைத்து, சார்ஜரையும் மின்கலத்தையும் நீக்கி, தட்டை உருவி மீண்டும் நன்கு செருகினாலே பலமுறை சரியாகிவிடும்.

நலிந்த தட்டிற்குச் செக்டிஸ்க் ஓட்டுவது பலர் செய்யும் பிழை. அது தட்டில் எழுதிப் பழுதுபார்க்க முனைவது. நலிந்ததை அது மேலும் வருத்தும். முதலில் படியெடுக்க வேண்டும், பிறகே பழுது. லினக்ஸ் ஏற்றிய பென்டிரைவால் கணினியை எழுப்பி, தட்டைப் படிக்க மட்டும் இணைத்து, வேண்டியவற்றுள் மிக வேண்டியதை முதலில் வெளித்தட்டிற்கு மாற்றவேண்டும். ‘டிடிரெஸ்க்யூ’ என்னும் மென்பொருள், எளிதிற் படியும் பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, கெட்ட இடங்களுக்குக் கடைசியாகத் திரும்பும், இதற்கெனவே இயற்றப்பட்டது. தட்டைக் குளிர்பெட்டியில் வைத்தெடுக்கும் பழைய வைத்தியம் இன்னும் சிலர் வாயில் உலவுகிறது. வெளியில் எடுத்தவுடன் உள்ளே நீர் பனிக்கும், வேண்டவே வேண்டா.

அதே மாதிரியான வேறொரு தட்டின் மின்சுற்றுப் பலகையைக் கழற்றி மாட்டினால் போதும் என்பாரும் உளர். மிகப் பழைய தட்டுகளில் அது பலித்ததுண்டு. இக்காலத் தட்டுகளில், ஒவ்வொரு தட்டிற்கும் ஆலையிலேயே தனித்தனியாக அளந்து எழுதிய அளவுகள் அப்பலகையின் சில்லில் இருக்கின்றன. பழைய சில்லைப் பெயர்த்துப் புதிய பலகையில் பற்றவைத்தாலன்றி முனை தன் இடத்தைக் காணாது. அவ்வேலை தரவு மீட்பு நிலையத்திற்கு உரியது.