ஓரத்து மனையும் ஓடைக்கரையும்



ஊருக்கு ஊர் புன்செய்க் காடுகளில் கல் நட்டு மனை போடுகிறார்கள். நம் குழுக்களிலும் "மனை வாங்க" என்று கடன் கேட்கும் உறுப்பினர்கள் கூடிவிட்டார்கள். ஓடையை ஒட்டின ஓரத்து மனைதான் பெரும்பாலும் விலை குறைவாக வரும். "வருஷத்துல பத்து நாள் தண்ணி ஓடுற ஓடைதானேம்மா, அது என்ன பண்ணப் போகுது?" என்பார் புரோக்கர். அந்தப் பத்து நாளைப் பற்றித்தான் இந்த மாதப் பாடம்.

கோவையில் சங்கனூர் பள்ளம் என்று ஒரு பெரிய ஓடை உண்டு. கொங்குப் பக்கம் ஓடையைப் பள்ளம் என்றுதான் சொல்வார்கள். அதன் கரை நெடுக வீடுகள் நெருங்கிவிட்டன. 2025 ஜனவரியில் அங்கே தடுப்புச்சுவர் வேலை நடந்தபோது கரையோர மாடி வீடு ஒன்று அப்படியே பள்ளத்துக்குள் சரிந்தது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. வீடு பலமாகத்தான் இருந்திருக்கலாம். காலடி மண் நிற்காவிட்டால் சுவர் பலமாக இருந்து என்ன பயன்?

கரை எப்படிச் சரிகிறது? தண்ணீர் மேலிருந்து கரைப்பதில்லை, அடியைத்தான் முதலில் அரிக்கும். அடி குடைந்துபோனதும் மேல்மண் தாங்கலில்லாமல் நிற்கும். வெள்ளம் ஓடும்போது விழாத கரை, வெள்ளம் வடிந்த மறுநாள் விழுவதைப் பார்த்திருப்பீர்கள். நனைந்த மண்ணுக்குக் கனம் அதிகம். அதுவரை எதிரே முட்டுக் கொடுத்த தண்ணீரும் போய்விடும். விழுவதற்கு முன் கரைக்கு இணையாகத் தரையில் நீள விரிசல் தெரியும். அதைக் கண்டால் பிள்ளைகளையும் ஆடுமாடுகளையும் அந்தப் பக்கம் விடாதீர்கள்.

மனை போடும்போது இரண்டு கெடுதல் சேர்ந்தே நடக்கிறது. ஜே.சி.பி. வந்ததும் முதல் வேலை ஓடைக்கரையைச் 'சுத்தம்' செய்வது. நாணல், நொச்சி, புங்கன், அருகம்புல் எல்லாம் போய்விடும். மண்ணைப் பிடித்திருந்ததே அந்த வேர்கள்தான். அடுத்தது, மழைத்தண்ணீரை உறிஞ்சிய காடு கூரையாகவும் சிமெண்ட் சாலையாகவும் ஆகிவிடும். ஆயிரம் சதுர அடி மாடியில் 5 செ.மீ. மழை பெய்தால் சுமார் 4,600 லிட்டர் தண்ணீர். நாற்பது வீட்டுக்குக் கணக்குப் போட்டால் 12,000 லிட்டர் லாரியில் பதினைந்து லோடு! காட்டில் பாதி ஊறி, மீதி மெல்ல வந்த தண்ணீர் இப்போது ஒரே நேரத்தில் ஓடைக்கு ஓடிவரும். 2003-லேயே தமிழ்நாட்டில் கட்டாயமாக்கிய மழைநீர் சேகரிப்பு நம் கிணற்றுக்கு மட்டுமல்ல, ஓடைக்கரைக்கும் பாதுகாப்புதான்.

"கல்லுச்சுவர் கட்டிட்டா போச்சு" என்பார்கள். சில இடத்தில் அது தேவைதான். ஆனால் அஸ்திவாரம் ஓடைத்தரைக்குக் கீழே ஆழமாகப் போகாவிட்டால் தண்ணீர் அதன் அடியையும் குடையும். சுவர் முடியும் இடத்திலும் எதிர்க்கரையிலும் அரிப்பு அதிகமாகும். எதிர்க்கரையில் இருப்பதும் நம்மைப் போல ஒரு குடும்பம்தானே?

செலவு குறைந்த வழி, இருக்கிற செடிகொடியோடு ஒரு பட்டையை விட்டுவிடுவது. எவ்வளவு? ஆறடி உயரமுள்ள செங்குத்துக் கரை, ஒரு அடி உயரத்துக்கு இரண்டு அடி என்ற சரிவுக்கு வந்து அடங்க, 12 அடி நிலத்தைத் தின்றுவிடும். அதற்கு மேலும் தள்ளித்தான் வீடு வர வேண்டும்.

செடி போன கரையில் வெட்டிவேர் நடலாம். வேர் நேர்கீழாக 2, 3 மீட்டர் வரை போகும். கர்நாடகத்தின் குண்டல்பேட்டைப் பக்கம் விவசாயிகள் தலைமுறை தலைமுறையாக இதை எல்லை வேலியாக வளர்த்திருக்கிறார்கள். செங்குத்துக் கரையைச் சரிவாக்கி, சரிவுக்குக் குறுக்கே வரிசையாக, 10 முதல் 15 செ.மீ. இடைவெளியில் நாற்றை நட வேண்டும். நடுவே இடைவெளி விட்டால் தண்ணீர் அந்த வழியாகவே வாய்க்கால் போட்டுவிடும். நிழலில் இது வராது. அடிக்கரையில் நாணலும் பெரிய கற்களும், சரிவில் வெட்டிவேரும் நொச்சியும், மேலே சற்றுத் தள்ளிப் புங்கன், நீர்மருது என்று வைக்கலாம். ஆடி, ஆவணியில் நட்டுத் தண்ணீர் ஊற்றினால் ஐப்பசி மழைக்குள் வேர் பிடிக்கும். முதல் பருவம் ஆடு கடிக்காமல் முறை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். வெட்டிவேருக்கு நல்ல விலை உண்டு என்று கரையில் நட்டதைத் தோண்டக் கூடாது. விற்பதற்கு வேறு இடத்தில் போடுங்கள். சீமைக்கருவேலத்தையும் மழைக்காலத்துக்கு முன்னால் கரையிலிருந்து வேரோடு பிடுங்க வேண்டாம். முதலில் மற்ற செடி பிடிக்கட்டும், பிறகு பகுதி பகுதியாக எடுக்கலாம்.

மனைக்கு முன்பணம் கொடுக்கும் முன் கிராம நிர்வாக அலுவலரிடம் புலப்படமும் 'அ' பதிவேடும் பாருங்கள். 'ஓடை புறம்போக்கு' எங்கே முடிகிறது என்று அதில் தெரியும். ஓடைக்குள் வரும் மனைக்கு 2017-ன் வரன்முறைத் திட்டத்திலும் இடம் கிடையாது. ஓடை புறம்போக்கில் செடி நடுவதென்றால் ஊராட்சியிடம் அனுமதி கேட்டுச் செய்யுங்கள்.

யாராவது கரையை வெட்டினால் அல்லது கட்டட இடிபாட்டைக் கொட்டினால் தனியாகப் போய்ச் சண்டை போட வேண்டாம். குழுவில் தீர்மானம் போட்டு கிராம சபைக்குக் கொண்டு போங்கள். மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்திலும் கிராம சபை கூடுகிறது. இடத்தின் சர்வே எண்ணை எழுதி, போட்டோ இணைத்து, மனுவின் நகலில் கையெழுத்தும் தேதியும் வாங்கித் தீர்மானப் புத்தகத்தோடு வையுங்கள்.